மெயில்மேன் 3: எங்கள் மடற்குழுவை நானே நடத்திப் பார்த்த இரண்டரை வருடம்

எங்கள் மின்னஞ்சல் குழுவின் மடல் களஞ்சியத்தில் ‘கலைச்சொல்’ என்று தேடினேன். 2011-ல் ஒரு உறுப்பினர் தன் மகள் கல்யாணத்துக்கு அனுப்பிய அழைப்பு மடல் வந்து நின்றது. அடுத்து ‘சொல்’ என்று மட்டும் தேடினேன், ஒன்றுமே வரவில்லை. இருபது வருடமாகச் சொற்களைப் பற்றி மட்டுமே பேசும் ஒரு குழுவின் களஞ்சியத்தில் ‘சொல்’ என்ற சொல் இல்லை என்று ஒரு மென்பொருள் சொன்னால் வயிறு கலங்கத்தான் செய்யும். அது ஏன் அப்படி ஆனது, எப்படிச் சரியானது என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். தமிழில் மடற்குழு நடத்த மெயில்மேன் 3 போட நினைப்பவர்கள் அந்தப் பகுதியை மட்டுமாவது படித்துவிடுங்கள், வேறு எங்கும் எனக்கு இது எழுத்தில் கிடைக்கவில்லை.

எங்கள் குழுவில் 412 பேர். மொழிபெயர்ப்பாளர்கள், மெய்ப்புத் திருத்துபவர்கள், மென்பொருள் தமிழாக்கம் செய்பவர்கள், சில ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள். 2003-ல் ஒரு இலவசச் சேவையில் தொடங்கி, அப்புறம் ஒரு பகிர்வு ஹோஸ்டிங்கில் இருந்த பழைய மெயில்மேன் 2.1-க்கு மாறினோம். ஒருவர் ஒரு ஆங்கிலச் சொல்லைப் போட்டு இதற்குத் தமிழில் என்ன என்று கேட்பார், நாலு நாள் சண்டை நடக்கும், ஐந்தாம் நாள் ஏதோ ஒரு சொல் நிற்கும். அந்த இழைகள்தான் எங்கள் சொத்து. 2020 டிசம்பர் 15 அன்று யாஹூ குரூப்ஸ் மொத்தமாக மூடப்பட்டபோது எங்களுக்குப் பெரிய பயம் வந்தது. மரத்தடி, ராயர் காப்பி கிளப் என்று 2000களில் தமிழில் எழுதிக் குவித்த குழுக்கள் அங்கேதான் இருந்தன. அதைப் பார்த்தபிறகு மடல்கள் நம் கையில் இருக்கவேண்டும் என்பதில் குழுவில் யாருக்கும் மறுபேச்சு இல்லை. ஹோஸ்டிங்காரர்களும் இனி மடற்குழு வசதி கிடையாது என்று அறிவித்துவிட்டார்கள். தனிச் சர்வர் எடுத்து மெயில்மேன் 3 போடும் வேலை என் தலையில் விழுந்தது.

மெயில்மேன் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. குனு திட்டத்தின் மடற்குழு மென்பொருள், பைத்தானில் எழுதப்பட்டது, 90களிலிருந்து இருக்கிறது. பழைய 2.1 வரிசை பைத்தான் 2-ல் ஓடுவது, பைத்தான் 2-க்கோ 2020 ஜனவரி 1-ஓடு ஆதரவு முடிந்துவிட்டது. 2015-ல் வந்த 3.0 பழையதைத் திருத்தியது அல்ல, முழுக்கத் திரும்ப எழுதியது. பெயர் ஒன்றுதான், உள்ளே எல்லாமே வேறு. பழையதில் ஒவ்வொரு மாதமும் முதல் தேதி உறுப்பினர்களுக்குக் கடவுச்சொல்லை அப்படியே வெறும் எழுத்தில் மடலாக அனுப்பும் பழக்கம் இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? அது போய்விட்டது. அதற்காகவே மாறலாம்.

நிறுவுவதுதான் கடினம். மெயில்மேன் 3 என்பது ஒரு மென்பொருள் அல்ல, மூன்று. மடலை வாங்கிப் பிரித்து அனுப்பும் கோர், நிர்வாகப் பக்கமான போஸ்டோரியஸ், மடல் களஞ்சியமான ஹைப்பர்கிட்டி. கோர் 8001-ஆம் போர்ட்டில் (சர்வரின் இணைப்பு வாசல்) மற்ற இரண்டோடும் பேசும். சர்வரில் அஞ்சலை வாங்கும் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸ், 8024-ஆம் போர்ட்டில் எல்எம்டிபி என்ற மடல் ஒப்படைக்கும் நெறிமுறை வழியாகக் கோருக்கு மடலைக் கொடுக்கும். இந்தப் படம் மனதில் ஏறும்வரை எந்தக் கோப்பைத் திறந்தாலும் குழப்பம்தான். எனக்கு ஏற இரண்டு வார இறுதிகள் ஆயின. காகிதத்தில் நான்கு கட்டம் போட்டு அம்புக்குறி வரைந்து சுவரில் ஒட்டியபிறகுதான் பிடிபட்டது, நீங்களும் முதலில் அதைச் செய்யுங்கள்.

நான் டெபியன் லினக்ஸில் தனி விர்ச்சுவல் என்விரான்மென்ட் (மற்றவற்றோடு கலக்காத தனிப் பைத்தான் அறை) போட்டு, பைத்தானின் நிறுவல் கருவியான பிப் வழியாக நிறுவினேன், தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ். அதற்குப் பதில் மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் போடுவதாக இருந்தால் எழுத்துத் தொகுதியை யூடிஎஃப்8எம்பி4 என்று வையுங்கள். அதன் பழைய யூடிஎஃப்8-ல் தமிழ் எழுத்துகள் பிரச்சினையில்லாமல் உட்காரும், மூன்று பைட்தான். ஆனால் யாராவது ஒரு சிரிப்பு ஈமோஜி போட்டால் அது நான்கு பைட், அந்த மடல் களஞ்சியத்தில் ஏறாது. தமிழ் சரியாக வருகிறதே என்று சோதித்து நிம்மதியாக இருந்துவிடக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

நினைவகம் இரண்டு ஜிபி வேண்டும். கோர் ஒரு டஜனுக்கு மேல் தனித்தனிப் பைத்தான் செயல்களாக ஓடும், வருகிற மடலுக்கு ஒன்று, போகிற மடலுக்கு ஒன்று, திரும்பி வருகிற மடலுக்கு ஒன்று என்று. ஒரு ஜிபி சர்வரில் முதலில் போட்டேன், களஞ்சியத்தில் பழைய மடல்களை ஏற்றும்போது மூச்சு நின்றுவிட்டது. இப்போது மாதம் 900 ரூபாய்க்கு இரண்டு ஜிபி, போதும்.

எல்லாருக்கும் நடக்கும் இரண்டு தவறுகளைச் சொல்லிவிடுகிறேன். ஒன்று, போஸ்டோரியஸும் ஹைப்பர்கிட்டியும் எழுதப்பட்டிருக்கும் ஜாங்கோ என்ற இணையச் சட்டகத்தின் ‘சைட்ஸ்’ பகுதியில் முதலிலேயே எக்ஸாம்பிள் டாட் காம் என்று ஒரு தளம் உட்கார்ந்திருக்கும். அதை மாற்றி உங்கள் மடல் டொமைனோடு இணைக்காவிட்டால் உறுப்பினர்களுக்குப் போகிற சுட்டிகள் எல்லாம் எக்ஸாம்பிள் டாட் காமுக்குப் போகும். இரண்டாவது, கோருக்கும் ஹைப்பர்கிட்டிக்கும் இடையே ஒரு ரகசியச் சாவி இருக்கிறது, இரண்டு கோப்பிலும் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருக்கவேண்டும். நான் ஒன்றை மாற்றிவிட்டு இன்னொன்றை விட்டுவிட்டேன். மடல்கள் எல்லாருக்கும் போய்க்கொண்டிருந்தன, அதனால் மூன்று நாள் யாருக்கும் தெரியவில்லை. களஞ்சியத்தைத் திறந்தால் காலி. பதறிப்போய்ப் பதிவுக் கோப்பைப் பார்த்தால் அனுமதி மறுப்பு என்று வரிசையாக நிற்கிறது. ஆனால் ஒரு மடல்கூடத் தொலையவில்லை. களஞ்சியம் வாங்க மறுத்த மடல்களைக் கோர் ஒரு ஸ்பூல் அடைவில் பத்திரமாக வைத்திருந்தது, சாவியைச் சரிசெய்ததும் 37 மடலும் ஒவ்வொன்றாக ஏறி உட்கார்ந்தன. மெயில்மேன் மேல் எனக்கு நம்பிக்கை வந்தது அந்த நாளில்தான். இது மடலைத் தொலைக்காது. செயலாக்கத்தில் இடறிய மடலையும் ‘ஷண்ட்’ என்ற ஓரத்து வரிசையில் வைத்திருக்கும், காரணத்தைப் பார்த்துச் சரிசெய்துவிட்டு ‘மெயில்மேன் அன்ஷண்ட்’ என்று ஒரு கட்டளை கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து கிளம்பும்.

சரி, தேடலுக்கு வருகிறேன்.

ஹைப்பர்கிட்டி முன்னிருப்பாக வூஷ் என்ற தேடல் நூலகத்தைப் பயன்படுத்துகிறது. அது மடலைச் சொற்களாக வெட்டுவதற்குப் பைத்தானின் ரெகுலர் எக்ஸ்பிரஷனை (எழுத்துகளைப் பொருத்திப் பார்க்கும் விதி) நம்பியிருக்கிறது. அதன் கணக்கில் எழுத்து என்றால் உயிரும் அகரமேறிய மெய்யும்தான். கால், கொம்பு, விலங்கு, புள்ளி எதுவும் எழுத்தில் சேர்த்தி இல்லை, அவை வந்த இடத்தில் சொல் முடிந்துவிட்டது என்று வெட்டிவிடும். ‘தமிழ்’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ம-வின் மேல்விலங்கில் ஒரு வெட்டு, ழ-வின் புள்ளியில் ஒரு வெட்டு. கிடைப்பது ‘தம’ ஒரு துண்டு, ‘ழ’ ஒரு துண்டு. ஒற்றை எழுத்துத் துண்டுகளை அது வைத்துக்கொள்வதில்லை, அதனால் ழ போய்விடும். மிஞ்சுவது ‘தம’. ‘தமையன்’ என்பதிலும் இதே ‘தம’ இருப்பதால் தமிழைத் தேடினால் தமையனும் வருவான். ‘எழுத்து’ என்று தேடினால் மிஞ்சுவது ‘எழ’, ஆகவே காலையில் எழுந்து குளித்தேன் என்று எழுதியவர் மடலும் வரும். ‘கலைச்சொல்’ ‘கல’ ஆகிறது, கல்யாணமும் ‘கல’ ஆகிறது. ‘சொல்’ என்பதில் ச தனி, ல தனி, இரண்டுமே ஒற்றை எழுத்து, இரண்டும் போய்விட்டன. தேட ஒன்றுமே இல்லை.

இதைக் கண்டுபிடித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இந்திக்கும் மலையாளத்துக்கும் இதே கதிதான் இருக்கும், ஆனால் எங்கும் யாரும் பெரிதாகப் பேசிப் பார்த்ததில்லை. தேடலில் ஏதோ ஒன்று வருகிறது, ஆகவே வேலை செய்கிறது என்று விட்டுவிடுகிறார்கள் போல.

தீர்வு ஸாப்பியன். இது தனித் தேடல் பொறி, ஹைப்பர்கிட்டியின் ஆவணங்களே பெரிய களஞ்சியங்களுக்கு இதைத்தான் பரிந்துரைக்கின்றன, அவர்கள் சொல்லும் காரணம் வேகம். எனக்கு வேகம் இரண்டாம்பட்சம். ஸாப்பியன் விலங்கையும் புள்ளியையும் சொல்லின் பகுதியாகவே எடுத்துக்கொள்கிறது என்பதுதான் முக்கியம். அமைப்புக் கோப்பில் ஒரு வரி மாற்றம், ஆனால் ஸாப்பியனின் பைத்தான் இணைப்பைப் பிப்பில் சட்டென்று நிறுவமுடியாது, டெபியன் பொதியாகப் போட்டாலும் விர்ச்சுவல் என்விரான்மென்டுக்குள் இருந்து கண்ணுக்குத் தெரியாது. ஸாப்பியன்-ஹேஸ்டாக் திட்டத்தோடு வருகிற நிறுவல் ஸ்கிரிப்டை ஓட்டி அங்கேயே கட்டிக்கொண்டேன், அரைமணி நேரம். அப்புறம் தேடல் அட்டவணையை முழுக்கத் திரும்பக் கட்டவேண்டும். கட்டி முடித்து ‘சொல்’ என்று தேடினேன். பக்கம் பக்கமாக வந்தது, முதல் பக்கத்திலேயே 2004-ல் உலாவியா, மேலோடியா என்று நடந்த பழைய சண்டை. அப்போது பேசியவர்களில் இரண்டு பேர் இன்று உயிரோடு இல்லை. அந்த இழையின் சுட்டியை அன்றே குழுவில் போட்டேன்.

ஒரு குறை இன்னும் இருக்கிறது. ‘சொல்’ தேடினால் ‘சொல்லை’, ‘சொல்லின்’ வராது, வேற்றுமை உருபு ஏறினால் அதைத் தனிச் சொல்லாகத்தான் பார்க்கிறது. அது தமிழின் இயல்பு, அதற்காக மெயில்மேனைக் குறை சொல்லமாட்டேன். இரண்டு மூன்று வடிவங்களைப் போட்டுத் தேடப் பழகிக்கொண்டோம்.

பழைய மடல்களை ஏற்றிய கதையும் தமிழுக்கே உரியது. 2003 முதல் 2006 வரையான மடல்களில் பாதிக்கு மேல் ஒருங்குறிக்கு (யூனிகோட்) முந்தையவை, டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறிமுறையில் முரசு அஞ்சல் மென்பொருள் வைத்து எழுதியவை. நல்லவேளையாக ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் முதல் நாளிலிருந்து எல்லா மடலையும் தண்டர்பேர்ட் மடல் மென்பொருளில் சேர்த்து வைத்திருந்தார், அந்தக் கோப்புகள் எம்பாக்ஸ் என்ற பொது மடல் கோப்பு வடிவிலேயே இருக்கும் என்பதால் நேராக எடுக்க முடிந்தது. ஆனால் மடலின் தலைப்பகுதியில் மேற்கத்திய எழுத்துத் தொகுதி என்று பொய்யாக எழுதியிருக்கும், உள்ளே டிஸ்கி. அப்படியே ஏற்றினால் களஞ்சியத்தில் ஏதோ ஐரோப்பிய மொழியைக் கிழித்துப் போட்டது போலத் தெரியும். லினக்ஸில் இருக்கிற, குறிமுறை மாற்றும் ஐகான்வ் கருவிக்கு டிஸ்கி தெரியும் என்பது பலருக்குத் தெரியாது. மடல் மடலாகப் பிரித்து, டிஸ்கியா என்று பார்த்து, ஒருங்குறிக்கு மாற்றி, தலைப்பகுதியையும் திருத்தி எழுதும் சின்னப் பைத்தான் நிரல் ஒன்று எழுதினேன். பதினோராயிரம் மடல்களில் அறுபது எழுபது மடல் இன்னும் சரியாகவில்லை, மேற்கோளாக வந்த பகுதி ஒரு குறிமுறையிலும் பதில் இன்னொன்றிலும் கலந்தவை.

ஏற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள். குழுவை முதலில் ஓடவிட்டு அப்புறம் பழையதை ஏற்றினால், களஞ்சியத்தில் ஏற்கெனவே இருக்கும் கடைசி மடலுக்குப் பிந்தியவற்றை மட்டும்தான் ஏற்றும் கட்டளை எடுத்துக்கொள்ளும். எந்தப் பிழையும் காட்டாது, ஒரு மடலும் ஏறியிருக்காது. எந்தத் தேதியிலிருந்து என்று ‘சின்ஸ்’ போட்டுச் சொல்லவேண்டும்.

மடல் போய்ச் சேர்வது தனிப் பாடு, அது மெயில்மேனின் தவறும் அல்ல. எனக்குக் கிடைத்த சர்வரில் மடல் வெளியே போகும் 25-ஆம் போர்ட்டை மூடி வைத்திருந்தார்கள், காரணம் எழுதிக் கேட்டால்தான் திறப்பார்கள். திறந்தபிறகு பார்த்தால் அந்த ஐபி முகவரியை முன்பு வைத்திருந்தவர் செய்த வேலையால் அது கறுப்புப் பட்டியலில் இருந்தது. முகவரியை மாற்றித் தர ஒன்பது நாள் ஆனது. மடல் உண்மையிலேயே அந்த டொமைனிலிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும், ஐபியிலிருந்து பெயருக்குத் திரும்பிப் போகும் பிடிஆர் பதிவும் முதல் மடலுக்கு முன்பே தயாராக இருக்கட்டும். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் இதில் கண்டிப்பாகிவிட்டன.

டிமார்க் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும், இதில்தான் எங்கள் உறுப்பினர்கள் 23 பேர் ஒரே வாரத்தில் சத்தமில்லாமல் முடக்கப்பட்டார்கள். 2014-ல் யாஹூ தன் முகவரியிலிருந்து வருவதாகச் சொல்லும் மடல் டிமார்க் சோதனையில் தேறாவிட்டால் நிராகரித்துவிடுங்கள் என்று உலகத்துக்கு அறிவித்தது, பிறகு பலரும் அதே வழிக்கு வந்தார்கள். மடற்குழு என்ன செய்கிறது? ஒருவர் மடலை வாங்கி, தலைப்பில் குழுப் பெயரைச் சேர்த்து, அடியில் நாலு வரி போட்டு, அவர் பெயரிலேயே எல்லாருக்கும் அனுப்புகிறது. மடலைத் தொட்டுவிட்டதால் டிகிம் கையெழுத்து செல்லாது, அனுப்பும் சர்வரும் வேறு. பெறுகிற இடத்தில் நிராகரிப்பு. அந்த நிராகரிப்பு யார் கணக்கில் ஏறுகிறது தெரியுமா, பெறுபவர் கணக்கில். மெயில்மேன் ஒரு நாளைக்கு ஒரு புள்ளி ஏற்றும், ஐந்து சேர்ந்தால் அந்த முகவரி செத்துவிட்டது என்று நிறுத்திவிடும். ஒருவர் தினமும் ஒரு மடல் போட்டார், எந்தத் தப்பும் செய்யாத 23 பேர் வெளியே போனார்கள்.

மருந்து போஸ்டோரியஸில் இருக்கிறது. அமைப்புகளில் டிமார்க் பகுதிக்குப் போய் அனுப்புநர் இடத்தில் குழு முகவரியைப் போடும் தேர்வை வையுங்கள், முன்னிருப்பாக ஒன்றும் செய்யாமல் இருக்கும். வைத்த மறுநாள் ஒரு பெரியவர் தொலைபேசியில் கூப்பிட்டார். “தம்பி, நான் எழுதினதுல என் பேருக்குப் பக்கத்துல குழு பேரும் வருதே, வேற யாரோ எனக்காக எழுதுற மாதிரி இருக்கு.” “ஐயா, அப்படிப் போட்டாத்தான் எல்லாருக்கும் போய்ச் சேரும், உங்க முகவரி பதில் போடுற இடத்துல இருக்கு” என்று விளக்கினேன். “போய்ச் சேந்தா சரி” என்றார். மெயில்மேன் இந்த மாற்றத்தை, தேறாத மடலை நிராகரிக்கவோ ஒதுக்கிவைக்கவோ சொல்லும் கொள்கை உள்ள முகவரிகளுக்கு மட்டும்தான் செய்கிறது, மற்றவர் பெயர் அப்படியே இருக்கிறது. அந்த நிதானம் எனக்குப் பிடித்தது.

பிடிக்காதது சந்தாவும் கணக்கும் தனித்தனி என்பது. மடல் பெறுவதற்குச் சந்தா, அமைப்பை மாற்றவோ களஞ்சியத்தில் எழுதவோ தனியாக ஒரு இணையக் கணக்கு, இரண்டுக்கும் தனித்தனி உறுதிப்படுத்தும் மடல். எழுபது வயதுக்காரருக்கு இதை எப்படிச் சொல்வது? முதல் இரண்டு மாதம் எனக்கு வந்த தொலைபேசி அழைப்புகளில் பெரும்பாலும் இதுதான். கடைசியில் டெம்ப்ளேட் பகுதியில் வரவேற்பு மடலைத் தமிழில் நானே எழுதிப் போட்டேன், விலக வேண்டுமானால் இந்த முகவரிக்கு வெற்று மடல் அனுப்புங்கள், கணக்கு எதுவும் தேவையில்லை என்று தனி வரியில். அழைப்புகள் நின்றன. எந்த அறிவிப்பு மடலையும் இப்படிச் சொந்த வார்த்தையில் மாற்றிக்கொள்ளலாம் என்பது இதன் பெரிய பலம்.

மட்டுறுத்தல் நன்றாக இருக்கிறது. புது உறுப்பினரின் மடல்கள் நிறுத்தி வைக்கப்படும், இரண்டு மூன்று மடல் பார்த்துவிட்டு அவரைத் திறந்துவிடுவேன். நிறுத்தி வைத்தவற்றைப் பேருந்தில் போகும்போதே கைப்பேசியில் அனுமதித்துவிட முடிகிறது. பழைய 2.1-ன் பக்கத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஐம்பது பேர் குழு என்றால் இத்தனை பாடு வேண்டாம், ஜிமெயில்காரர்கள் தரும் கூகுள் குரூப்ஸ் போதும், மடல்களை அவ்வப்போது நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். களஞ்சியப் பக்கமே வேண்டாம், மடல் போனால் போதும் என்பவர்கள் எம்எல்எம்எம்ஜே பாருங்கள், சின்னது, ஒரு ஜிபி சர்வரில் தாராளமாக ஓடும். நூற்றுக்கணக்கான குழுக்கள் உள்ள பல்கலைக்கழகம் என்றால் பிரான்ஸில் பிறந்த சிம்பாவையும் பார்க்கவேண்டும். எங்களைப் போல ஒரே குழு, நீண்ட களஞ்சியம், தேடல் முக்கியம் என்றால் மெயில்மேன் 3. ஐந்துக்கு நான்கு கொடுப்பேன், அந்த ஒன்று நிறுவலுக்காகவும் முன்னிருப்புத் தேடலுக்காகவும் போகிறது.

மேம்படுத்தும்போது பிப் முடிந்ததும் தரவுத்தள மைக்ரேட், ஸ்டாட்டிக் கோப்புகள் சேர்ப்பது, கம்ப்ரஸ் என்ற மூன்று கட்டளைகளையும் மறக்காமல் ஓட்டுங்கள், இல்லாவிட்டால் பக்கம் அலங்காரம் இல்லாமல் எலும்புக்கூடாக வரும். டிஸ்கி மாற்றும் நிரல் தேவைப்படுகிறவர்கள் கேளுங்கள், அனுப்புகிறேன். உங்கள் எம்பாக்ஸில் இருந்து பத்து மடலை மாதிரிக்குச் சேர்த்து அனுப்பினால் அதில் ஓட்டிப் பார்த்தே தருகிறேன்.